கட்டம் நிரம்பிவிட்டது, விடை எங்கே? மறைவிடைக் குறுக்கெழுத்தில் சிக்கியவர்களுக்கு

சாதாரணக் குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் பேனாவை மூடிவிடலாம். மறைவிடைப் புதிரில் வேலை ஆரம்பிப்பதே அப்போதுதான். நிரப்பிய கட்டத்துக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருக்கும், அதைத்தான் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'மெட்டா' என்று பெயர். மேட் காஃப்னி என்ற அமெரிக்கர் 2008 முதல் வாரம் ஒன்றாகப் போட்டு வருகிறார். மாதத்தின் முதல் வாரப் புதிர் லேசாக இருக்கும், கடைசி வாரத்துப் புதிர் மண்டையை உடைக்கும். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் வெள்ளிக்கிழமைப் புதிருக்குப் பரிசு ஒரு காபிக் கோப்பை. அந்தக் கோப்பைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

நான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மாதம் ஒரு தமிழ்ப் புதிர் போடுகிறேன். போட்ட மறுநாளே புகார்கள் வரும். அநேகமாக எப்போதும் அதே ஏழெட்டுப் புகார்கள்தான். அவற்றையே இங்கே அறிகுறிகளாக வைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தமிழில் சிக்கல் வரும் இடம் வேறு. நம் ஆட்கள் யோசனையில் தோற்பது குறைவு, எழுத்தை எண்ணும்போதுதான் தோற்கிறார்கள்.

அறிகுறி 1: எல்லாம் நிரம்பிவிட்டது. வட்டமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எங்கே தொடங்குவது?

முதலில் தலைப்பைப் படியுங்கள். குறிப்புகளுக்குள் பாய்கிற அவசரத்தில் தலைப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. மறைவிடைப் புதிரில் தலைப்புதான் முதல் குறிப்பு. அடுத்து, விடையைப் பற்றிச் சொல்லியிருக்கும் ஒற்றை வரி. 'நாலெழுத்து, கொல்லையில் நிற்பது' என்பது போல ஏதாவது இருக்கும். எத்தனை எழுத்து என்று தெரிந்துவிட்டால், கட்டத்தில் எதெல்லாம் அத்தனை இருக்கிறது என்று தேடலாம். விடை நாலெழுத்து, கட்டத்தில் நீளமான சொற்களும் நாலு என்றால் சொல்லுக்கு ஓர் எழுத்து வர வேண்டும் என்று ஊகிப்பதில் தப்பில்லை.

அதிலும் பிடி கிடைக்கவில்லையா? விசித்திரமான சொல்லைத் தேடுங்கள். நானே புதிர் போடுகிறவன் என்பதால் சொல்கிறேன், சுலபமான சொல் கைவசம் இருக்கும்போது யாரும் வம்புக்கு 'மும்முரசு' என்று போடமாட்டோம். போட்டிருந்தால் அது அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று பொருள்.

ஒரு புதிரைப் பிரித்தே காட்டுகிறேன். தலைப்பு: 'விரல் விட்டு எண்ணு'. இறுதி விடைக்கான வரி: 'நாலெழுத்து, கொல்லையில் நிற்பது'. கட்டத்தில் நீளமாக நின்ற சொற்கள், மேலிருந்து கீழாக:

மும்முரசு (அரண்மனையில் ஒலித்த மூன்று)
இருவாட்சி (ஆனைமலைக் காட்டில், பெரிய அலகுடன்)
ஐம்பெருங்காப்பியம் (சிலம்பும் மேகலையும் சேர்ந்த தொகுதி)
நால்வகைப்படை (தேர், யானை, குதிரை, காலாள்)

நாலும் எண்ணில் தொடங்குகின்றன: மூன்று, இரண்டு, ஐந்து, நான்கு. எண் கிடைத்தால் அதை வைத்து எண்ணிப் பார் என்பதுதான் தலைப்பு சொல்வது. மும்முரசில் மூன்றாவது எழுத்து மு. இருவாட்சியில் இரண்டாவது ரு. ஐம்பெருங்காப்பியத்தில் ஐந்தாவது ங். நால்வகைப்படையில் நான்காவது கை. சேர்த்தால் முருங்கை.

சொல்லுக்குள் எண், அந்த எண்ணாவது எழுத்து: இந்த உத்தி உலகம் முழுக்கப் புதிர்க்காரர்களின் பழைய ஆயுதம். எண் கண்ணில் பட்டால் முதலில் இதைத்தான் செய்து பாருங்கள்.

அறிகுறி 2: எண்ணிப் பார்த்தேன், 'ர ரு பி ப' என்று வருகிறது

இது மேலே சொன்ன புதிருக்கே வந்த புகார். அனுப்பியவர் என் அத்தை. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார். மு, மு, ர என்று மூன்றாவது ர. ஐ, பெ, ரு, கா, பி என்று ஐந்தாவது பி. பேச்சில் அசை பிரிப்பது போலக் காது எண்ணுகிறது, கட்டமோ மெய்க்கும் ஒரு பெட்டி தருகிறது. அதனால் வாயால் எண்ணாதீர்கள், கட்டத்தில் விரல் வைத்து எண்ணுங்கள். தலைப்பே அதைத்தானே சொன்னது, அத்தை!

எண்ணிக்கை பிசகும் வேறு இடங்களும் உண்டு. ஐயனார் நாலெழுத்து, அய்யனார் ஐந்தெழுத்து. மூன்றாவது எழுத்து முன்னதில் னா, பின்னதில் ய. ஔவையார் நாலு, அவ்வையார் ஐந்து. இதில் தட்டச்சுக் கோளாறு வேறு: ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டைத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்ரீ, க்ஷ இரண்டும் போடுகிறவரின் இஷ்டம், குறிப்பில் உள்ள எழுத்து எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சந்தியும் அப்படித்தான். நால்வகைப்படை என்று ஒற்று மிகுத்தால் ஏழு, ஒற்றை விழுங்கினால் ஆறு.

கணினியை நம்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. விரிதாளில் 'மும்முரசு' என்று எழுதி நீளம் கேட்டால் 9 என்று சொல்லும். உகரக் கொக்கி, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. நமக்கு ஐந்தெழுத்து. மூன்றாவது எழுத்தை எடுத்துக் கொடு என்றால் மொட்டையாக ஒரு ம மட்டும் தரும். என் அண்ணன் ஒரு சனிக்கிழமை பூராவும் இப்படி எடுத்த எழுத்துகளோடு மல்லுக்கட்டினான். பெட்டிக்கு ஓர் எழுத்தாக நீங்களே பிரித்து எழுதிக்கொண்டால் ஒழிய விரிதாள் உதவாது.

அறிகுறி 3: எழுத்துகள் சரிதான், ஆனால் சொல் வரவில்லை

வரிசை பிசகியிருக்கும். தமிழ்ப் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லை, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற தலைப்புகளிலும் குறிப்புகள் இருக்கும். இந்தப் பழக்கம் நம்மிடம் ஊறியது. அதனால் மறைவிடையும் தலைகீழாக ஓட வாய்ப்பு அதிகம். ஒரு முறை 'வால் முதல் தலை வரை' என்று தலைப்பு வைத்து கல்வி, பெங்களூரு, விளக்கு என்று மேலிருந்து கீழாக அடுக்கினேன். கடைசி எழுத்துகளை எடு என்பதைப் பலரும் கண்டுபிடித்துவிட்டார்கள். வி, ரு, கு. 'விருகு என்றால் என்ன?' என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் அகராதி பார்த்துவிட்டு அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சண்டைக்கு வந்தார். தலைப்பின் இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள். கீழிருந்து மேலே படித்தால் குருவி.

எந்த வரிசையும் பொருந்தாவிட்டால், கலைந்த எழுத்துகளை அடுக்கத்தான் வேண்டும். இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. பள்ளியில் சலிப்போடு படித்த மெய்ம்மயக்கம் இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே வரிசை எழுத்துதான் வரும் (சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு). ங் வந்தால் அடுத்தது அநேகமாகக் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை, ந் வந்தால் த வரிசை. எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. ட, ண, ன, ர, ல, ள, ழ, ற வரிசைகள், கடன் சொற்களை ஒதுக்கிவிட்டால், சொல்லுக்கு முதலில் வராது. எ, ஒ குறில் ஏறிய எழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் உட்காரும்.

இந்த ஆறு எழுத்துகளைப் பாருங்கள்: ன, க், கொ, ல், கா, டை.

க் இருப்பதால் அதன் பின்னால் கொ அல்லது கா. கொ நடுவில் வருவது அபூர்வம், ஆக க்கா ஒரு ஜோடி. முதலில் யார்? மெய்யெழுத்து இரண்டும் கூடாது, ன கூடாது, டை கூடாது, கா ஜோடி சேர்ந்துவிட்டது. மிச்சம் கொ. முடிவில் நிற்க ல் தயாராக இருக்கிறது. கொ ... ல். நடுவே டை, க்கா, ன. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம், கோடை விடுமுறைக்குப் போன ஊர்தான். ஆறு எழுத்தை 720 விதமாக அடுக்கலாம், நாம் அரை நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

அறிகுறி 4: ஒரே ஓர் எழுத்து இடிக்கிறது

இறுதி விடைக்கு 'மவில்' என்று வருகிறது. கிட்டத்தட்ட ஏதோ ஒன்று, ஆனால் எதுவுமில்லை. இப்படி வந்தால் உத்தி சரி, நிரப்பியதில் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லிலிருந்து வி வந்தது என்று திரும்பிப் போங்கள். 'கோவில்' என்று எழுதியிருப்பீர்கள். 'கோயில்' என்று மாற்றினால் மயில் ஆடும்.

தமிழ்க் கட்டங்களில் ஒரு சொல்லின் பல எழுத்துகளைக் குறுக்கே வேறு சொல் வெட்டுவதில்லை. 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு எல்லாப் பெட்டியிலும் இரண்டு சொற்களைச் சந்திக்க வைப்பது லேசில்லை. அதனால் வெட்டு விழாத பெட்டியில் எழுதிய தப்பு கடைசி வரை மாட்டாது. பவளம் - பவழம், மங்கலம் - மங்களம், கருப்பு - கறுப்பு என இரண்டு விதமாகவும் எழுதப்படும் சொற்களின் அருகே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ர-ற, ல-ள-ழ, ன-ண வேறுபாட்டில் சந்தேகம் இருந்தால் அதற்கும் ஒரு கோடு. 'பறணி' வந்தால் இரும்பைத் தேய்க்கும் கருவிக்கு 'அறம்' என்று எழுதிவிட்டோமா என்று பார்க்கலாம், அல்லவா?

அறிகுறி 5: நாலில் மூன்றில் தெரிகிறது, நாலாவதில் இல்லை

இதுவும் அடுத்த அறிகுறியும் ஒரே புதிரில் எனக்கு நேர்ந்தவை. நான் போட்டதல்ல, அத்தை மகன் போட்டது. கட்டத்தில் நீளமான சொற்கள்: வாய்ப்பாடு, உயிர்மெய், இலக்கணம், மூக்குத்தி. விடைக்கான வரி: 'மூன்றெழுத்து, மருத்துவமனையில் இருப்பவர்'.

வாய்ப்பாட்டில் வாய், உயிர்மெய்யில் மெய், மூக்குத்தியில் மூக்கு. சரி, ஐம்பொறிகள். இலக்கணத்தில் என்ன? பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இ, ல, க், க, ண, ம். எந்தப் பொறியும் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இலக்-கண்-அம். கண் இருக்கிறது. ண் என்ற மெய்யின் மேல் அ ஏறி உட்கார்ந்ததால் புள்ளி மறைந்துபோனது. ஆங்கிலத்தில் ஒளித்த சொல் எழுத்து எழுத்தாக அப்படியே நிற்கும். நம் மொழியில் மெய்யும் உயிரும் கூடினால் உருவமே மாறிவிடும். பாலாற்றில் ஆறு ஓடுவது காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒளிந்த சொல்லைத் தேடும்போது மட்டும் அறிகுறி 2-இல் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள்: கட்டத்தை மூடிவிட்டு வாயால் சொல்லுங்கள்.

வாய், மெய், மூக்கு, கண் கிடைத்தாயிற்று. விட்டுப்போனது செவி. மருத்துவமனையில் மூன்றெழுத்து? செவிலி.

இந்த வித்தை புதிதுமில்லை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம் வினாவுத்தரம் என்று ஒரு சொல்லணி சொல்கிறது. பல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விடை, எல்லா விடைகளும் சேர்ந்தால் ஒரு பெயர். அதில் வரும் எடுத்துக்காட்டில் பூமகள் யார் என்றால் திரு, ஒருவனைப் போகச் சொல்பவன் சொல்வது ஏகு, சரத்தின் பெயர் அம்பு, அழகின் பெயர் அம். சேர்த்துச் சொன்னால் திருவேகம்பம், காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். ஏகு, அம்பு இரண்டின் கடைசி உகரமும் புணர்ச்சியில் காணாமல் போவதைக் கவனியுங்கள். பெட்டி போட்டு எழுதி எழுத்தெழுத்தாகக் கூட்டியிருந்தால் இது கிடைத்தே இருக்காது. கரந்துறைச் செய்யுள் என்று ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளிக்கும் அணியும் அதே பட்டியலில் இருக்கிறது. காபிக் கோப்பை கொடுக்க ஆள் இல்லாத காலத்திலேயே இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அறிகுறி 6: அருமையான ஒரு யோசனை பிடிபட்டது, இரண்டு மணி நேரமாக எங்கும் போகவில்லை

அதே செவிலிப் புதிர். எனக்கு முதலில் தோன்றியது ஐம்பொறி இல்லை. உயிர்மெய், இலக்கணம், போதாக்குறைக்கு வாய்ப்பாடு (தேமா, புளிமாவை எல்லாம் வாய்பாடு என்றுதானே சொல்கிறோம்). ஆகா, யாப்பிலக்கணம்! அசை பிரித்தேன், தளை பார்த்தேன், 216 உயிர்மெய்களில் எது என்று கணக்குப் போட்டேன். ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. மூக்குத்தி மட்டும் எதிலும் ஒட்டவில்லை. அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவைத்தேன்.

நான் செய்த தவறு அதுதான். நாலு சொல்லில் மூன்றை விளக்கும் யோசனையை நம்பாதீர்கள். ஒட்டாத சொல் எதுவோ அதை மட்டும் தனியாகத் தாளில் எழுதி, இதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 'மூக்குத்தி' என்று தனியாக எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் மூக்கு தெரிந்திருக்கும். இன்னொரு வழி, யோசனையைக் கையோடு வேறு ஒருவரிடம் உரக்கச் சொல்வது. பாதி சொல்லும்போதே நமக்கே வெட்கமாக இருந்தால் யோசனை தப்பு.

அறிகுறி 7: பாதிக் கட்டம்தான் நிரம்பியிருக்கிறது, இறுதி விடை மட்டும் போதும்

முடியும். நீளமான சொற்களில் இரண்டு கிடைத்து உத்தியும் பிடிபட்டால் மிச்சத்தைப் பின்னாலிருந்து பிடிக்கலாம். ஆனால் ஊகித்த விடையைக் கட்டத்துக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முருங்கைப் புதிரில் மு, ரு மட்டும் தெரிந்த ஒரு தம்பி 'முருகன்' என்று அனுப்பினான். நாலெழுத்துதான், ஆனால் கொல்லையில் நிற்பவரா முருகன்? அப்படியே ஐந்தாவது எழுத்து 'க' என்று வரும் 'ஐம்...' சொல்லைத் தேட ஆரம்பித்திருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும்.

அறிகுறி 8: விடை வந்துவிட்டது, ஆனால் அனுப்பக் கை வரவில்லை

தலைப்பு வேலை செய்ததா? நீளமான சொற்கள் எல்லாமே பயன்பட்டனவா? விடை அந்த ஒற்றை வரிக்குப் பொருந்துகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்பிவிடுங்கள். சரியான விடை கிடைக்கும்போது மனதுக்குள் ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். 'இதுவாகக்கூட இருக்கலாம்' என்று தோன்றினால் அநேகமாக அது இல்லை.

முருங்கையை முதலில் அனுப்பியது என் சித்தி. புதிர் போட்ட பதினைந்தாவது நிமிடம். கூடவே ஒரு கேள்வி: 'மூன்று முரசு, ஐந்து காப்பியம், நாலு படை எல்லாம் சரிடா. இருவாட்சியில் இரண்டு என்ன இருக்கிறது?' இரு என்றால் பெரிய என்றும் பொருள் உண்டு, அந்தப் பறவையின் அலகோ அவ்வளவு பெரியது. இதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.